எண்ணெயில் மத்தி

காலை ஆறரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மீன் டப்பாவை எடுத்து, அடியில் பொறித்திருந்த எண்ணை நோட்டில் எழுதிவிட்டு, வளையத்தை இழுத்துத் திறந்து அசையாமல் பிடித்துக்கொண்டான். ஒரு மூச்சு விடும் நேரம் போனது. "கொடியில துணி கிடக்கு, மழை வரப்போகுது" என்றது செத்துப்போன மனைவியின் குரல். வானம் வெளுத்துக் கிடந்தது. இருந்தும் அவன் கொடியில் தொங்கிய ஒரே சட்டையை எடுத்து உள்ளே போட்டான். இரண்டு ரொட்டித் துண்டோடு மீனைத் தின்றான். தட்டைக் கழுவிவிட்டு வேலைக்குப் போனான். குடிநீர் வாரியத்தில் தண்ணீர் மாதிரிகளைச் சோதிக்கும் வேலை. கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகளாக அவன் காலைகள் இப்படித்தான் விடிந்தன.

அவள் மீன் பதப்படுத்தும் ஆலையில் நான்காம் எண் மூடி இயந்திரத்தில் நின்றவள். அந்தக் கூடத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை பார்த்த பெண்கள் எல்லாரும் சைகைக்குப் பழகிவிட்டார்கள். அவள் மட்டும் நாள் முழுக்கப் பேசினாள். மீனிடம் பேசினாள், மூடியிடம் பேசினாள், வீட்டில் இருந்த புருஷனிடம் அங்கிருந்தே பேசினாள். டப்பாவுக்குள் எண்ணெய் விழுவதற்கும் மூடி அமுங்குவதற்கும் நடுவே ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அவள் சொன்னது மூடியோடு உள்ளே போயிற்று. பிறகு ஒன்றரை மணி நேரம் கொதி நீராவியில் டப்பாக்கள் வெந்தன. கிருமி செத்தது, பேச்சு சாகவில்லை. அவள் இருந்தவரை ஒரு டப்பாவும் வாய் திறக்கவில்லை. சொன்னவளே வீட்டில் இருக்கும்போது சொல்லுக்கு என்ன அவசரம்?

அவள் இருபத்தொன்பது வயதில், தலைக்குள் ஒரு நரம்பு வெடித்து, இயந்திரத்தின் அடியிலேயே விழுந்தாள். அடுத்த வாரத்திலிருந்து ஊரெல்லாம் அவள் குரல் கேட்க ஆரம்பித்தது. வங்கி எழுத்தர் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குச் சூரை மீன் டப்பாவைத் திறக்க, "கேஸை அணைச்சியா?" என்று அது கேட்டது. அவர் பாதிச் சாப்பாட்டில் வீட்டுக்கு ஓடினார். கேஸ் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆலைக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று புகார். இன்னொன்று, இன்னும் கொஞ்சம் நீளமாகப் பேசும் டப்பா கிடைக்குமா என்று கேட்டது. ஆலையின் மேற்பார்வையாளர் அலட்டிக்கொள்ளவில்லை. "மூடுற வேலைக்கு வந்தவ வாயை மூடலன்னா வேற என்ன ஆகும்?" என்றார்.

இதெல்லாம் கடைசியாகத் தெரிய வந்தது அவனுக்குத்தான். நசுங்கிய டப்பாக்களை ஆலை வேலையாட்களுக்கே கொடுத்துவிடும் வழக்கம். அப்படி அவள் கொண்டுவந்தவை கட்டிலுக்கு அடியில் நிறைய இருந்தன. சமைக்கத் தெம்பில்லாமல் தினம் ஒன்றைத் திறந்தான். திறந்த கையோடு எண்ணெயைக் கழுவுதொட்டியில் கவிழ்ப்பது அவனது நெடுநாள் பழக்கம். மூன்று மாதம் கழித்துக் கீழ்வீட்டுத் தையல்காரர் படியேறி வந்தார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டம்மா எங்க குழாயில பேசுறாங்க."

"என்ன பேசுறா?"

"இன்னைக்குச் செருப்பை வெளிய விடுன்னாங்க. என் சம்சாரம் பயந்துபோய் என் செருப்பைத் தூக்கி வெளிய வெச்சுட்டா. நேத்துக் கொஞ்சம் திட்டினாங்க. அது எனக்கா உங்களுக்கான்னு புரியல."

"எனக்குத்தான்."

"அப்பச் சரி" என்று அவர் நிம்மதியாகக் கீழே இறங்கினார்.

குரல் மீனில் இல்லை, மீன் ஊறிக் கிடந்த எண்ணெயில் இருந்தது. தொண்ணூறு காலைகளை அவன் குழாயில் ஊற்றியிருந்தான். தையல்காரர் மனைவிக்கு அவற்றில் பதினொன்று நினைவிருந்தது. அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான்.

அதன் பிறகு சிந்தாமல் திறக்கக் கற்றான். கட்டிலடி காலியானதும் கடை கடையாக ஏறி, அடியில் மூடிய தேதியோடு நான்காம் எண் பொறித்த டப்பாக்களைப் பொறுக்கினான். எண்ணெயில் போட்ட மத்தியில் அவள் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. உப்புநீரில் அவளுக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. தக்காளிச் சாற்றுக் கானாங்கெளுத்தியில் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசினாள். சூரை கனமான மீன், வசவெல்லாம் அதில் நன்றாக நின்றது. புகையிட்ட சிப்பியில் கிசுகிசுத்தாள். கணவாயில் ஒருமுறை வெறும் சிரிப்பு மட்டும் வந்தது. அன்று அவன் வேலைக்குப் போகவில்லை.

ருசி பார்க்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று டப்பாக்களைத் திறப்பாள். மூன்று தட்டு, எலுமிச்சைத் துண்டு, ரொட்டி. துண்டால் அவன் கண்ணைக் கட்டி ஊட்டுவாள். சதை உதிர்கிறதா, முள் கரைகிறதா, உப்பு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று கேட்டுக் கேட்டு நோட்டில் பத்துக்கு மதிப்பெண் போடுவாள். கடைசி ஞாயிறன்று அவன் மத்திக்கு ஆறு கொடுத்தான். அவள் ஒன்பது என்றாள். அது அவள் கையால் மூடிய டப்பா.

"எண்ணெயைக் கொட்டிட்டு ருசி இல்லங்கிற. பூவைப் பிச்சுப் போட்டுட்டு மணக்கலன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"நாளெல்லாம் மீனை மோந்து மோந்து உன் நாக்கு செத்துப்போச்சு" என்றான் அவன்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான். வாயிலிருந்து வந்து விழுந்தபோது அது விளையாட்டாக இல்லை. அவள் நோட்டை மூடி வைத்தாள். அன்றும் பேசவில்லை, திங்களும் பேசவில்லை. செவ்வாய் காலை பேசாமலே கிளம்பிப் போனாள். பத்து மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது விழுந்தாள்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று அவன் கேட்காத ஆளில்லை. "உங்களைத்தான் தேடினாளாம்" என்றாள் மைத்துனி. அந்த மைத்துனி அன்று ஆலையில் இருக்கவே இல்லை. மேற்பார்வையாளர், "அம்மான்னுதான் சொல்லியிருப்பா, எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க" என்றார். இயந்திரம் பழுது பார்ப்பவர் மட்டும் உள்ளதைச் சொன்னார். "அந்தச் சத்தத்துல என்ன சார் கேக்கும்? வாய் அசைஞ்சுது. பார்த்தேன்."

இரண்டாம் ஆண்டில், துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில் அந்தத் திங்கட்கிழமையின் பெட்டி ஒன்று அகப்பட்டது. நாற்பத்தெட்டு டப்பாக்கள். விடுப்புப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்தான், பிடித்துக்கொண்டு காத்திருந்தான். நாற்பத்தெட்டிலும் மீன் மட்டுமே இருந்தது. தையல்காரர் குடும்பம் பத்து நாள் மீன் தின்றது. இடிச் சத்தத்திலும் வாய் ஓயாதவள் அவன் சொன்ன சொல்லால் ஒரு முழு நாள் வாயை மூடியிருந்திருக்கிறாள் என்பது அவனுக்கு விளங்கியது. அந்தக் கோபத்தோடுதான் போனாளா என்பது விளங்கவில்லை. செவ்வாயின் டப்பாக்கள் கப்பலேறி எங்கோ போய்விட்டன, ஒன்றைத் தவிர. இயந்திரம் நின்றால் கடைசியாக மூடிய டப்பாவை எடுத்து மாதிரி அலமாரியில் மூன்று ஆண்டு வைக்க வேண்டும் என்பது ஆலையின் விதி.

அந்த டப்பாவைக் கேட்டு, ஆலையின் சோதனைக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த அக்காவை நான்கு முறை போய்ப் பார்த்தான். "படிச்சவர்தானே நீங்க? மாதிரின்னா என்னன்னு நான் சொல்லணுமா?" என்றார் அவர். சொல்ல வேண்டியதில்லை. வாரியத்தில் அவனும் அதே விதிப்படி தண்ணீர்ப் போத்தல்களைக் காத்து வருபவன். திரும்பி வந்து காத்திருந்தான்.

மூன்று ஆண்டு முடிந்த காலையில் சோதனைக்கூட மேசைமேல் அந்த டப்பா இருந்தது. எண்ணெயில் மத்தி. விளிம்பில் லேசாகத் துரு. பக்கத்தில் சல்லடையும் தராசும் இருந்தன.

"திறந்ததும் சல்லடையில கவிழ்த்து, ரெண்டு நிமிஷம் வடியவிட்டு எடை போடணும் தம்பி. அதான் விதி."

"கவிழ்க்காதீங்கக்கா."

அவர் அவனைப் பார்த்தார். பிறகு எடைக்கான கட்டத்தில் ஓர் எண்ணை எழுதினார். "இருபத்தாறு வருஷமா கவிழ்க்கிறேன். பார்த்தாலே தெரியும்" என்று சொல்லிவிட்டு மின்விசிறியை நிறுத்தினார்.

அவன் வளையத்தை இழுத்தான். ஒரு மூச்சு போனது. இரண்டாவதும் போனது. இதுவும் திங்கட்கிழமைதான் என்று நினைத்தான். அப்போது முதலில் இயந்திரத்தின் இரைச்சல் வந்தது, அதற்கு மேலே தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் வந்தாள்.

கேட்டு முடித்ததும் அவன் ரொட்டி இருக்கிறதா என்றான். அக்கா தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். மீனைத் தின்றான். முள் கரைந்தது. மிச்ச ரொட்டியால் எண்ணெயை மூலை முடுக்கெல்லாம் துடைத்து, தகரம் பளபளக்கும்வரை தின்றான். சோதனைக்கூடத்தில் கண்டது கேட்டது எதையும் எழுதாமல் விடக் கூடாது என்பதால், அக்கா பதிவேட்டை இழுத்து நிறம் சரி, மணம் சரி, குரல் தெளிவு என்று எழுதினார். குறிப்புக்கான கட்டத்தில், அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, அவனிடம் சரிபார்க்கக் கொடுத்தார்:

"சரி போ, ஆறே போட்டுக்கோ. எண்ணெயை மட்டும் கொட்டிடாத."