ஐந்தாம் நம்பர் ஏன் இறங்குகிறது?

கதவை ஒரு சாண் திறந்தால் போதும், இருளப்பனுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

முதலில் வரிசையாகத் தட்டுகள். அரைத்த தேயிலைக் கொழுந்தை அவற்றில் பரப்பிப் புளிக்க விட்டிருப்பார்கள். தட்டுகளுக்கு அப்பால் கண்ணாடித் தடுப்பு. அதற்கும் அப்பால் தொழிற்சாலை ஆபீஸ். அங்கே அவன் மனைவி தாமரை. அவள் பக்கத்தில், ஒரு முழம்கூட இடைவெளி விடாமல், ஈப்போவிலிருந்து வந்த குணாளன்.

இன்றைக்கு அவள் ஒரு சிவப்பு ஒயரைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பூ கட்டும்போது நாரைக் கடிப்பாளே, அதே கடி. குணாளன் அதைப் பார்த்து என்னவோ சொன்னான். அவள் சிரித்தாள். ஒயர் வாயிலிருந்து கீழே விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அதை எடுக்கக் குனிந்தார்கள்.

இருளப்பன் கதவைச் சாத்திவிட்டு அடுப்புக்கு ஓடினான். தேயிலை உலர்த்தும் டிரையரின் அடுப்புக்கு விறகு போடுவது எட்டு வருஷமாக அவன் வேலை. அடுப்புக்கும் அந்தப் பின்கதவுக்கும் நடுவில் விறகுக் கொட்டகை மட்டும்தான். அந்தக் கதவை வேறு யாரும் தொடுவதில்லை.

எல்லாம் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியால் வந்தது.

எண்பத்தேழாம் ஆண்டு. ரிங்லெட் ஊருக்கு மேலே, மலையில் இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட்டில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. தொழிற்சாலையின் எட்டு இடங்களில் சூட்டை அறியும் சென்சர் வைத்தார்கள். எட்டிலிருந்தும் ஒயர்கள் பெட்டிக்கு வந்து சேர்ந்தன. நிமிடத்துக்கு ஒரு முறை பெட்டி எட்டு இடங்களையும் விசாரித்து, காகிதச் சுருளில் அச்சடிக்கும். அதையே டெலிபோன் லைன் வழியாகத் தலைமை ஆபீசுக்கும் அனுப்பும். எங்காவது சூடு எல்லைக்கு மேலே போனாலும் கீழே இறங்கினாலும் மணி அடிக்கும்.

பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார் மேனேஜர் பசுபதி. பள்ளியில் ஐந்தாம் பாரம்வரை படித்துவிட்டு மலையில் கொழுந்துக் கூடை எடை போட்டுக்கொண்டிருந்த தாமரையைக் கூப்பிட்டார். இரண்டு வாரம் சோதனை. பெட்டி ஒழுங்காக ஓடினால் தாமரை ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே கிடையாது. ஓடாவிட்டால் பெட்டி ஈப்போவுக்கு, தாமரை மலைக்கு.

முதல் நாள் இருளப்பனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் பெட்டியை ஓட்டிப் பழக்கிக் கொடுக்க குணாளன் வந்தான். கசங்காத சட்டை, பையில் மூன்று பேனா.

தேநீர் வேளையில் முருகையா வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கொழுந்து அரைக்கும் உருளையில் வேலை செய்பவன். வாய் சும்மா இருக்காது.

"என்ன இருளா, உன் வீட்டம்மா இப்ப இங்கிலீஷ்ல சிரிக்குதாம்லா!"

"சிரிப்புல ஏதுடா இங்கிலீஷு?"

"நமக்குப் புரியாத சிரிப்பு எல்லாம் இங்கிலீஷ்தான்."

சுற்றி இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். இருளப்பன் பாதி டீயைத் தரையில் ஊற்றிவிட்டு எழுந்து போனான்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை, சோறு போடும்போது தாமரை பெருமூச்சு விட்டாள்.

"அஞ்சாம் நம்பர் படுத்துதுங்க. கொழுந்து புளிக்கிற ரூம்ல இருக்கே, அந்த சென்சர். இருபத்துநாலுல நிக்க வேண்டியது, திடீர் திடீர்னு இருபத்தொண்ணுக்கு இறங்குது. மணி அடிக்குது. சென்சரை மாத்தியாச்சு, ஒயரை மாத்தியாச்சு. குணா சார் தலையைப் பிச்சுக்கிறாரு."

"குணாளன்னு முழுப் பேரு இருக்குல்ல?"

"எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க."

அவன் சோற்றைப் பிசைந்தான். அந்த ஆள் தலையைப் பிய்த்துக்கொள்வது நல்ல செய்தியாகத்தான் இருந்தது. சும்மா கேட்டான்.

"எப்பெப்ப இறங்குது?"

"இன்னிக்குப் பத்து இருவது. அப்புறம் பதினொண்ணே முக்கா. நேத்தும் கிட்டத்தட்ட அதே நேரம்."

புரை ஏறி இருமினான். பத்தேகாலுக்கு அடுப்பை நிரப்பிவிட்டு அவன் கதவுக்குப் போவான். மறுபடியும் பதினொன்றரைக்கு மேல். கதவைத் திறந்தால் மலைக்குளிர் உள்ளே போகும். கதவுக்குப் பக்கத்துச் சுவரில்தான் அந்தச் சென்சர், விரல் நீளத்துக்கு, மினுமினுவென்று. பார்த்திருக்கிறான். இதோடு முடிச்சுப் போடத்தான் தெரியவில்லை.

"தண்ணி குடிங்க. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. காரம்."

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

புதன்கிழமை இரண்டு சாண் திறந்தான். வியாழக்கிழமை உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கதவை முழுசாகத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, விறகுக் கொட்டகையைப் பார்த்தபடி நின்றான். உள்ளே மணி அடித்தது. "ஐயோ, திரும்பவும்!" என்று தாமரையின் குரல் கேட்டது. அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் சாத்தினான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தூள் சலிக்கும் செல்லம்மா சேதி கொண்டுவந்தாள்.

"மேனேஜர் துரை சத்தம் போட்டுட்டாரு தம்பி. நாளைக்குப் பத்து மணிக்கு வந்து பார்ப்பாராம். அதுக்குள்ள சரியாகலன்னா பெட்டியை லோரியில ஏத்தணுமாம். பாவம், தாமரை முகத்தைப் பார்க்க முடியல."

ஜெயித்தாகிவிட்டது. குணாளன் மூன்று பேனாவோடு லோரியில் போவான். நாளை சாயங்காலம் தாமரையைப் பிரிஞ்சாங் பாசாருக்குக் கூட்டிப்போய் வளையல் வாங்கித் தரலாம். இப்படி நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

தாமரை தரையில் உட்கார்ந்திருந்தாள். சுவரிலிருந்து சுவர்வரை காகிதச் சுருள் விரிந்து கிடந்தது. அங்கங்கே பென்சில் வட்டம்.

"நேத்துப் பத்து இருவதுக்கு எங்க இருந்தீங்க?"

"அடுப்புல. வேற எங்க இருப்பேன்?"

"அடுப்பும் இதுல இருக்குங்க. ஏழாம் நம்பர்."

அவன் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"அஞ்சு இறங்கின ஒவ்வொரு தடவையும், ரெண்டு மூணு நிமிஷத்துல ஏழும் இறங்கியிருக்கு. விறகு தள்ள ஆள் இல்லன்னா அடுப்பு என்ன செய்யும்? எல்லைக்குள்ளயே இறங்குனதால மணி அடிக்கல. அதான் குணா சார் அந்தப் பக்கமே பார்க்கல. நான் பார்த்தேன். அது என் வீட்டுக்காரரு அடுப்புல்ல?"

"அந்த ஆளுகிட்ட காட்டுனியா?"

"இல்ல. அடுப்பை விட்டுட்டுப் போனீங்கன்னு எழுதினா உங்க வேலை போயிடும்."

காகிதத்தை மெல்லச் சுருட்டினாள்.

"என்ன பார்த்தீங்க? சொல்லுங்க. இத்தனை நாளு ஒளிஞ்சு நின்னு என்னதான் பார்த்தீங்க?"

"நீ சிரிச்ச."

"ஆமா, சிரிச்சேன். ஒயரைக் கடிச்சா பல்லுல ஷாக் அடிக்குமான்னு கேட்டேன், அவரு அடிக்கும்னு பயமுறுத்துனாரு. சிரிச்சேன்." குரல் உடைந்தது. "அஞ்சு வருஷம் மழையில நின்னு கூடை எடை போட்டேன். நெஞ்சு இழுத்துச்சு. அப்ப ஒரு நாளாச்சும் என்னை எட்டிப் பார்த்தீங்களா?"

அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான்.

"முதல்ல பார்க்கத்தான் திறந்தீங்க. சரி. நேத்து ஒம்பது நிமிஷம் திறந்திருக்கு. அது பார்க்கத் திறந்ததில்ல. அது என்னை மலைக்கு அனுப்பத் திறந்தது."

அவள் எழுந்தாள். சோறு போட்டாள். தான் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு பசுபதி ஆபீசுக்கு வந்தார். லோரி வாசலில் நின்றது. குணாளன் மூன்றாவது முறையாகப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தான். சட்டை கசங்கியிருந்தது. தாமரை தன் தண்ணீர்ப் போத்தலையும் பென்சிலையும் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

இருளப்பன் அடுப்பில் முருகையாவை நிறுத்திவிட்டு, முன்வாசல் வழியாக உள்ளே வந்தான். கரி படிந்த காலோடு அந்தச் சிமெண்டுத் தரையில் அவன் நடந்தது அதுதான் முதல் தடவை.

"துரை, பெட்டி நல்லாத்தான் இருக்கு. அந்தப் பின்கதவை நான் திறந்தேன். தினமும் ரெண்டு தடவை."

பசுபதி கண்ணாடியைக் கழற்றினார். "அடுப்பை விட்டுட்டா? எதுக்கு?"

காற்று வாங்க என்று சொல்லத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தான். தாமரையின் பையைப் பார்த்ததும் அது வரவில்லை.

"என் சம்சாரத்தைப் பார்க்க, துரை."

குணாளனின் முகம் சிவந்தது. நாற்காலியைத் தாமரையிடமிருந்து ஓரடி தள்ளிப் போட்டான். அதைப் பார்த்து அந்த நிலையிலும் இருளப்பனுக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

"போய்த் திற," என்றார் பசுபதி. "நான் பார்க்கணும்."

போய்த் திறந்தான். கண்ணாடிக்கு அப்பால் மூன்று தலைகள் காகிதத்தின்மேல் குனிந்திருந்தன. குளிர் அவன் முதுகைத் தாண்டி உள்ளே போனது. மணி அடித்தது. பசுபதி தலையாட்டினார். தாமரை நிமிர்ந்து, தட்டுகளுக்கு மேலாக நேரே அவனைப் பார்த்தாள். பிறகு கையை அசைத்தாள். சாத்துங்க.

லோரி காலியாகத் திரும்பிப் போனது. பசுபதி இரண்டு காகிதங்களில் கையெழுத்துப் போட்டார். ஒன்று தாமரைக்கு வேலை. இன்னொன்று இருளப்பனுக்குக் கடைசி எச்சரிக்கை. பின்கதவுக்குப் பூட்டு வந்தது. சாவி தாமரையிடம் போனது.

அன்று சாயங்காலம் அவள் பூ கட்டிக்கொண்டிருந்தாள். இருளப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அந்த ஆளு எப்ப ஈப்போ போறான்?"

"செவ்வாய்க்கிழமை."

"ஏன், திங்கக்கிழமை பஸ் இல்லையா?"

"இருக்கு. ஆனா திங்கக்கிழமை உங்க அடுப்புல வேலை இருக்கு. ஏழாம் நம்பருக்கு எல்லையைக் குறுக்கணும். ஒரு டிகிரி இறங்கினாலும் மணி அடிக்கணும்னு நான்தான் சொன்னேன்."

"எதுக்கு?"

"நீங்க அடுப்பை விட்டு எங்க போறீங்கன்னு எனக்குத் தெரியணும்லா!"

நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். சிரிக்கவில்லை. ஆனால் பூச்சரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவன் பக்கம் நீட்டினாள்.