டெய்லர் வீட்டு முழுக்கோழி

எங்கப்பா டெய்லர். வயசு அறுபத்தொண்ணு. அம்மா போய் எட்டு வருஷம் ஆச்சு. இப்ப ஒரு வருஷமா மனுஷன் வாரத்துக்கு மூணு தடவை பட்டன் வாங்கப் போறாரு. வீட்டுல மூணு டப்பா நிறைய பட்டன் கிடக்கு! கேட்டா, "நாலு ஓட்டை பட்டன் தீர்ந்துபோச்சு"ன்னு கூசாம புளுகுவாரு. பட்டன் கடைக்காரம்மாவும் தனி ஆள்தான். எப்பவும் சிரிச்ச முகம். எனக்குப் புரியாதா என்ன? நான் என்ன விரல் சூப்புற பாப்பாவா?

வியாழக்கிழமை பட்டன் கடையிலேருந்து பேயறைஞ்ச மாதிரி திரும்பி வந்தாரு.

"ஞாயித்துக்கிழமைன்னா என்ன சமைப்பீங்கன்னு கேட்டாங்க. வாய் சும்மா இருக்காம, முழுக்கோழி ரோஸ்ட், கூடவே காய்கறின்னு சொல்லிட்டேன். அப்ப இந்த வாரம் நானும் வர்றேன்னுட்டாங்க."

"அய்யோ அப்பா! உனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதே!"

"அன்னிக்கே கேட்டுடலாம்னு இருக்கேன்." தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு. "என்னைக் கட்டிக்கிறீங்களான்னு."

எனக்குத் தலைகால் புரியல. அவர் கையைப் பிடிச்சு ரெண்டு சுத்து சுத்தினேன். தையல் மிஷின்ல இடிச்சுக்கிட்டோம்.

ஞாயிறு காலையில சமையலறை ரணகளம். நான் சமைக்கிறேன்னா விட்டாத்தானே! வர்றவங்க அவர் கைச் சமையலைத்தான் சாப்பிடணுமாம். கேரட்டை இஞ்ச் டேப் வெச்சு அளந்தாரு, ஒவ்வொண்ணும் ரெண்டு இஞ்ச். உருளைக்கிழங்கு ஒண்ணரை. அளவுக்கு மிஞ்சின கேரட் எல்லாம் என் வாய்க்குள்ள போச்சு. வெங்காயத்துக்கு மட்டும் டேப் சரியா வளையலன்னு அதுமேல கோவம் வேற. ஒருவழியா கோழிக்கு வெண்ணெய், பூண்டு, மிளகு தடவி, அப்பாவே அதைக் காய்கறி மேல படுக்க வெச்சு ஓவனுக்குள்ள தள்ளினாரு.

வாசனை தெருவைத் தூக்கிடுச்சு. ஒரு மணிக்கு அவங்க வந்தாங்க, இடுப்புல ஒரு பெரிய தர்பூசணியோட. அப்பா வாங்கன்னு சொல்லவும் மறந்து, அந்தப் பழத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

மேஜைக்குக் கோழி வந்தது. நல்லாப் பொன்னிறம். அப்பா கத்தியை வெச்சாரு. எலும்பு. கொஞ்சம் தள்ளி வெச்சாரு. அங்கயும் எலும்பு! அவர் முகம் செத்துப்போச்சு.

"படுபாவி! கறிக்கடைக்காரன் கறியே இல்லாத கோழியைத் தலையில கட்டிட்டான்!" போனைத் தேடினாரு.

"இருங்க, இருங்க"ன்னு பட்டன் கடைக்காரம்மா ரெண்டு கரண்டியால கோழியைப் புரட்டிப் போட்டாங்க. கீழே கொழுகொழுன்னு நெஞ்சுக்கறி, சாறு சொட்டச் சொட்ட.

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. டெய்லர் துணியை விரிச்சா உள்பக்கத்தை மேல வெச்சுத்தான் விரிப்பாரு. நல்ல பக்கத்துல சாக்பீஸ் படக்கூடாதுல்ல? நாப்பது வருஷப் பழக்கத்துல கோழியையும் குப்புறப் போட்டிருக்காரு!

"இப்படி வெச்சா சாறெல்லாம் நெஞ்சுல இறங்கும், அருமையா இருக்கும்"னாங்க அவங்க. "தெரிஞ்சுதானே செஞ்சீங்க?"

அடடா, எவ்வளவு நல்ல மனசு! ஆமான்னு சொல்லுப்பான்னு மேஜைக்கு அடியில ஒரு மிதி மிதிச்சேன்.

"இல்லைங்க." அப்பா கத்தியைக் கீழ வெச்சாரு. "எனக்குச் சமையலே தெரியாது. உங்களை ஒரு தடவையாவது வீட்டுக்கு வர வைக்கணும்னு பொய் சொன்னேன். பட்டனும் எனக்கு வேண்டியதில்ல. ஒரு வருஷமா."

போச்சு. எல்லாம் போச்சு. எனக்கு அவர் வாயைத் தைச்சுடலாம்னு வந்துச்சு.

அவங்க தட்டைக் கிட்ட இழுத்தாங்க. கேரட் ஒண்ணு எடுத்து மென்னாங்க. இன்னொண்ணு எடுத்தாங்க. உருளைக்கிழங்கும் போட்டுக்கிட்டாங்க. "எல்லாம் ஒரே பதமா வெந்திருக்கு"ன்னாங்க. அப்புறம் வாயைத் துடைச்சுக்கிட்டு, அப்பாவை விட்டுட்டு என் பக்கம் திரும்பினாங்க.

"ஏம்மா, உங்க அப்பாவை எனக்குக் கட்டிக் குடுக்கிறியா?"

"என்னை யாரும் கேக்க மாட்டீங்களா?"ன்னாரு அப்பா, குரல் கீச்சுன்னு.

"நீ சும்மா இரு! கூட்டிக்கிட்டுப் போங்க ஆன்ட்டி, இன்னிக்கே..." சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்து மூக்கு ஒழுகிச்சு.

அப்பா அவசரமா ஒரு காலைப் பிச்சு என் தட்டுல வெச்சாரு. அதே நேரம் அவங்களும் இன்னொரு காலைப் பிச்சு வெச்சாங்க. ரெண்டு காலும் எனக்கே.