இருபத்தேழு கிலோமீட்டர்

புகை டெஸ்ட் எடுப்பவர் ஆட்டோவின் சைலன்சருக்குள் குழாயைச் சொருகியபோது அருள்தாஸுக்குத்தான் மூச்சு முட்டியது. நேற்றே டாங்கியில் இருந்ததையெல்லாம் வடித்துவிட்டுச் சுத்தமான பெட்ரோல் ஊற்றியிருந்தான். இருந்தாலும் பயம் விடுமா? மிஷின் பாஸ் என்றது. அடுத்து செங்கேணி ஓட்டும் ஆட்டோ. அதுவும் பாஸ்.

இரண்டுமே உத்திரமேரூரில் பெயிண்டுக் கடை வைத்திருக்கும் காஜா மொய்தீன் பாயின் வண்டிகள். பாய் நல்ல மனுஷர்தான். ஆனால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. போன வருஷம் பதினெட்டு காட்டிய முனியனைப் பெட்ரோல் திருடன் என்று துரத்திவிட்டார். அவன் இடத்துக்கு வந்தவன்தான் செங்கேணி. அந்தப் பயத்தில் அருள்தாஸ் வீட்டு ரேஷன் கிருஷ்ணாயிலில் அரை லிட்டரைத் திருட்டுத்தனமாக டாங்கியில் கலந்தான். பாய்க்குத் தெரிந்தது அவர் போட்ட பெட்ரோல் மட்டும்தானே, மைலேஜ் ஏறியது. பாய் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஏறியது இனி இறங்கலாமா? புலிவாலைப் பிடித்த கதைதான். அரை லிட்டர் ஒரு லிட்டராகி, கணக்கு இருபத்தேழில் வந்து நின்றது. ரேஷன் பத்தாமல் கள்ளமார்க்கெட்டில் வேறு வாங்கினான். அவன் பெண்டாட்டி மார்த்தாள் ஸ்டவ்வை மூலையில் போட்டுவிட்டு முள் பொறுக்கி அடுப்பெரித்தாள். "உன் வண்டிக்கு வயிறு ரொம்புச்சா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் செத்துப்போகலாம் போலிருக்கும்.

பாய் இரண்டு சர்ட்டிபிகேட்டையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"ரெண்டு வண்டியும் சுத்தமா கீது. இஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல. அப்பறம் எப்பிடி செங்கேணி, அவனுக்கு இருபத்தேழு, உனுக்கு இருபது? மிச்ச பெட்ரோலு எங்க போவுது?"

"கொயந்த மேல சத்தியமா எடுக்கல பாய்."

"சாவியக் குடு."

அருள்தாஸ் பாயிடம் ஓரடி நெருங்கினான். சொன்னால் தன் பிழைப்பு போச்சு. கிருஷ்ணாயில் ஊற்றி இஞ்சினைக் கெடுத்தவனுக்கு இந்த ஊரில் எவன் வண்டி தருவான்? சொல்லாவிட்டால், திருடாதவன் திருடனாகிறான்.

"பாய்..."

"இன்னாப்பா?"

"ஒண்ணுமில்ல பாய்."

தூ! நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்னையே காறித் துப்பத் தோன்றியது.

செங்கேணிக்கு ஊர் திருப்புலிவனம். "வூட்ல வுட்டுடுண்ணா" என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டான். யார் மேலும் கோபப்படவில்லை, அதுதான் தாங்கவில்லை. சீக்கிரம் இவனை இறக்கிவிட்டால் போதுமென்று அருள்தாஸ் ஆக்சிலேட்டரை முறுக்கினான்.

செங்கேணி முன்னால் குனிந்து அவன் தோளைத் தொட்டான்.

"மெதுவாப் போண்ணா. இப்பிடி முறுக்குனா மைலேஜ் இன்னா ஆவும்? அப்பறம் பாய் உன்னயும் சந்தேகப்படுவாரு."

அருள்தாஸின் கை தளர்ந்தது. புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிள் ஒன்று அவர்களை முந்திக்கொண்டு போனது.