நேசமலர் வளவில் ஊற்றிய மூடி

ஊற்றிய இருபத்தெட்டாம் நாள் காலை, தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வுகூடத்தில், மாணவி கௌசலா சோதனைக்கென வார்த்த மூன்று கொங்கிறீற் கட்டிகளும் அழுத்தும் இயந்திரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கின. தாங்கவேண்டிய சுமையில் பாதியைக்கூட அவை தாங்கவில்லை. ஏழாம் நாளே ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். இயந்திரம் அப்போது பழுதாகிக் கிடந்தது.

பரந்தனுக்கு உள்ளே, நேசமலரின் வளவில் மாணவர்கள் கட்டிய மலகூடத்தின் குழி மூடியும் அதே கலவைதான். கட்டடப் பிரிவு மாணவர்கள் வருடம்தோறும் ஒரு வீட்டுக்கு ஏதாவது கட்டிக்கொடுத்துத் தொழில் பழகுவார்கள். இந்த முறை நேசமலரின் கணவர் ராஜரத்தினத்துக்கு. பாரிசவாதம் வந்து இரண்டு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். நேசமலர்தான் அவரை ஒழுங்கை வழியே தள்ளிக்கொண்டு அயல்வீட்டு மலகூடத்துக்குப் போய்வருவாள். மழை தொடங்கினால் ஒழுங்கை முழுக்கச் சேறு; நாற்காலி அசையாது. மழைக்கு முன் முடித்துத் தருகிறோம் என்று சொல்லித்தான் வேலையில் கைவைத்தார்கள்.

"எங்கை பிழைச்சது?" என்று கேட்டார் விரிவுரையாளர் சிவராசா.

கௌசலாவுக்குத் தெரியும். கலவைக்கு அவள்தான் பொறுப்பு. மூடி ஊற்றிய அன்று வெயில் கொளுத்தியது. சவளால் கலவையைப் புரட்டிப் புரட்டிச் சக மாணவன் செந்தூரன் களைத்துப் போனான்.

"இதென்ன கொங்கிறீற்றோ, ஆறிப்போன களியோ? கொஞ்சம் தண்ணி விடன் கௌசி."

"அளவு அளவுதான். உனக்குத்தான் உடம்பிலை பெலனில்லை."

"ஓம், கொப்பியோடை நிக்கிற ஆளுக்குப் பெலன் எல்லாம் பேனையிலைதானே."

எல்லோரும் சிரித்தார்கள். தேத்தண்ணீர் கொண்டுவந்த நேசமலர் மட்டும் சிரிக்கவில்லை. "ஐயோ, பிள்ளையளின்ரை கை கொப்புளிச்சுப் போச்சு" என்றவள், பக்கத்திலிருந்த வாளியைத் தூக்கி அப்படியே கலவைக்குள் கவிழ்த்துவிட்டாள். கலவை கஞ்சிபோல இளகியது. கௌசலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இரக்கம் ததும்பிய அந்த முகத்தைப் பார்த்ததும் அதையே மூடிக்கு ஊற்ற விட்டுவிட்டாள். கூடப் போட்டுச் சரிக்கட்டச் சீமெந்தும் மிச்சமில்லை.

"நான் தண்ணி கூட விட்டிட்டன் சேர்" என்றாள் இப்போது. அது பொய்யென்று அவளுக்குத் தோன்றவில்லை. தடுக்கவேண்டிய இடத்தில் நின்றவள் அவள்.

சிவராசா கட்டித் துண்டொன்றை விரலால் உதிர்த்துப் பார்த்தார். "அந்த மூடிக்கு மேலாலைதான் சில்லுக் கதிரை போகவேணும். உடைக்கத்தான் வேணும் பிள்ளை."

"திருப்பி ஊத்துவம் சேர். எல்லாரும் வாறம்."

"இந்த வருசச் சாமான் முடிஞ்சுது. கல்லூரி அனுமதி இல்லாமல் ஒருத்தரும் அதிலை கைவைக்கேலாது. கடிதம் எழுதுறன், கிடைச்சாலும் மாரி முடிஞ்சு தை மாதத்துக்குப் பிறகுதான். நீங்களும் திங்கக்கிழமை பயிற்சிக்குப் போறியள்."

சொல்லவேண்டியவள் தான்தான் என்று கௌசலா பின்னேரம் தனியாகப் போனாள். மூடி நன்றாக இறுகட்டும் என்று அதன்மேல் விரித்த சாக்குக்கு நேசமலர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மூடியை உடைக்கவேண்டும் என்று கேட்டதும் அவள் கை அப்படியே நின்றது.

"நான் நனைச்சது காணாதோ பிள்ளை? ரெண்டு நேரமும் ஊத்தினனான். இவரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோன அண்டைக்கு மட்டும் பின்னேரம் விட்டுப்போச்சு. அதாலையோ?"

"இல்லை அன்ரி. நீங்கள் நனைச்சது திறம். கலவை என்ரை பொறுப்பு. நான்தான் பிழை விட்டனான்."

நேசமலர் அவளையே பார்த்தாள். கோபிக்கவில்லை. "அப்ப இனி நனைக்கத் தேவையில்லையோ?" என்று மட்டும் கேட்டாள்.

"தேவையில்லை அன்ரி."

உள்ளேயிருந்து ராஜரத்தினம் கூப்பிட்டார். அயல்வீட்டுக்குப் போகவேண்டிய நேரம். கௌசலா முந்திக்கொண்டு நாற்காலியின் பிடியைப் பற்றினாள்.

"விடு பிள்ளை" என்றார் அவர், நாக்குத் தடுமாற. பிறகு ஒருபக்க உதட்டால் சிரித்தார். "என்னைத் தள்ள இஞ்சினியரே வந்திட்டா. இனி எனக்கென்ன குறை."

கௌசலா நாற்காலியை ஒழுங்கைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். இரணைமடுக் குளத்துப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பிள்ளையாரே, இந்த மழை கொஞ்சம் பிந்தட்டும் என்று வேண்டத் தொடங்கினாள். ஒழுங்கையின் இரு மருங்கும் வயல்கள் விதைத்துக் கிடந்தன. ஈரம் காணாமல் மண் வெடித்திருந்தது. யாரோ ஒருவர் வரப்பில் நின்று அண்ணாந்து அதே முகிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கௌசலா வேண்டுதலைப் பாதியில் விட்டுவிட்டு, சில்லு பள்ளத்தில் இறங்காமல் பார்த்துப் பார்த்துத் தள்ளினாள்.