நான் நலம்

ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனி. அதன் வாட்ச்மேன் ஊர்க்காவலனுக்கு ஒரு மாதமாக வலது கட்டைவிரலில் வீக்கம். காரணம் விஞ்ஞானம்.

முதலாளி மகன் செழியன் கோயம்புத்தூரில் மேல்படிப்பு முடித்து வந்த கையோடு, தொழிலாளர் பாதுகாப்புக்கு ஒரு ஆப் செய்திருந்தார். மணிக்கொரு தடவை ஒவ்வொருவரும் தம் போனில் ‘நான் நலம்’ என்ற பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினால் பெயர் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. தொடக்க விழாவில் இதைப் புரட்சி என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் ஆகாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்ற சின்ன விவரம் மட்டும் புரட்சிக்குள் அடங்கவில்லை.

ஆகவே எண்பத்து நான்கு பேரின் நலத்தையும் வாசலில் உட்கார்ந்து ஊர்க்காவலனே அமுக்கினார். கடைசிப் போன் அவர் மனைவி இருளம்மாளுடையது. அவள் வெடிக்குள் வெடிமருந்து செலுத்தும் ஷெட்டில் வேலை பார்த்தாள்.

விருதுநகரில் ஒரு சங்கம் சிறந்த ஆப்புக்கு விருது அறிவித்ததும் வேலை கூடியது.

“அண்ணாச்சி, எல்லாப் போன்லயும் அஞ்சு நட்சத்திரம் போடுங்க. கருத்தும் எழுதுங்க. ஒரே மாதிரி இருக்கப்படாது,” என்றார் செழியன்.

ஊர்க்காவலன் விமர்சகரானார். ‘அருமை’, ‘மிக அருமை’, ‘மிக மிக அருமை’ வரை சொந்தச் சரக்கு ஓடியது. அதற்குமேல் ‘இந்த ஆப் வந்ததிலிருந்து என் மூட்டுவலி போச்சு’ என்று உள்ளே வேலை பார்க்கும் பொன்மணி பெயரில் எழுதினார். செழியன் அதைத்தான் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டினார்.

விருது முடிவாகும் வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், மருந்து செலுத்தும் ஷெட் பக்கம் டமார் என்றது. புகை எழும்பியது. பெண்கள் திசைக்கொருவராக ஓடினார்கள். ஊர்க்காவலன் எழுந்தபோது எண்பத்து நான்கு போன்களும் ஒன்றாகக் கூவின. மணி பதினொன்று.

செழியன் ஆபீசிலிருந்து ஓடி வந்தார். “அமுக்குங்க அண்ணாச்சி! விருதுக்காரங்க பார்த்துக்கிட்டு இருக்காங்க. ஒரு சிவப்பு கூட இருக்கப்படாது!”

பழகிய விரல் தானாக அமுக்கியது. எண்பத்து மூன்று பச்சை. இருளம்மாள் போனில் விரல் நின்றுவிட்டது.

“இவ எங்க இருக்கான்னு தெரியாம எப்பிடி முதலாளி அமுக்க?”

செழியன் அதைப் பிடுங்கித் தானே அமுக்கினார். அப்படியே படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்பினார்: ‘விபத்து நடந்த மூன்றே நிமிடத்தில் அனைவரும் நலம் என உறுதி.’

ஊர்க்காவலன் அதற்குள் புகையைப் பார்த்து ஓடியிருந்தார். ஷெட்டில் ஆள் இல்லை. பெயர் சொல்லிக் கத்தியே தொண்டை கட்டிவிட்டது. பின்பக்கம் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து இருளம்மாள் நொண்டிக்கொண்டு வந்தாள். காலெல்லாம் முள். முன்கை பொசுங்கியிருந்தது.

“ஏய்யா, எதுக்கு இந்தக் கத்து கத்துதீக? உசுரோடதான் இருக்கேன்.”

“போன்லயும் அப்பிடித்தான் போட்டிருக்கு.”

“யாரு போட்டது?”

“சின்ன முதலாளி.”

“அவரு என்னை எங்கன வச்சுப் பாத்தாராம்?”

நல்லவேளை, வேறு யாருக்கும் காயமில்லை. அன்றைக்குக் கம்பெனியை அத்தோடு அடைத்தார்கள். கைக்கு மருந்து போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்த இருளம்மாள், அங்கே கிடந்த தன் போனை எடுத்து நீட்டினாள்.

“அதுல நட்சத்திரம் போடுவீகளே, மாத்திப் போடுங்க.”

“எம்புட்டு?”

“ஒண்ணுமே போடாம இருக்க முடியாதா?”

“ஒண்ணுக்குக் கீழ எடம் வைக்கலை.”

“சரி, அந்த ஒண்ணைப் போட்டுத் தொலைங்க.”

“எனக்கும் ஒண்ணு போடுங்கண்ணே,” என்றாள் பின்னால் நின்ற பொன்மணி. “அந்த மூட்டுவலியையும் அழிங்க. எனக்கு ஏது மூட்டுவலி?”

வரிசை பஸ் நிறுத்தம் வரை நீண்டது. சாயங்காலத்துக்குள் ஆப்பின் ஐந்து நட்சத்திரம் ஒன்றானது. விருது வேறு யாருக்கோ போனது.

மறுநாள் ஒருத்தியும் போன் கொண்டு வரவில்லை. பதினொரு மணிக்குச் செழியன் தன் போனை ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். திரை முழுக்கச் சிவப்பு.

“என்ன அண்ணாச்சி இது? ஒருத்தர் கூடவா நல்லா இல்ல?”

“உள்ள போயி கேட்டுப் பாருங்க முதலாளி,” என்று ஊர்க்காவலன் எழுந்து கையை நீட்டினார். “போனை மட்டும் இங்கன குடுத்துட்டுப் போங்க.”