பனியில் வரைந்த ரம்பம்

அந்தக் குளிர்காலம் முழுவதும் நானும் ரைமோவும் சாப்பாட்டு வேளையில் ஒரு கம்பெனி நடத்தினோம்.

வடதேசத்தில், கைனூ காட்டில் பைன் மரம் வெட்டும் வேலை. நடுப்பகலில் நெருப்பு மூட்டிக் காப்பி வைப்போம். அது கொதிக்கும்வரை ரைமோ பிர்ச் மரக் குச்சியால் பனியில் வரைவான். எங்கள் கம்பெனி செய்யப்போகும் சங்கிலி ரம்பம்.

"முதலாளி, கைப்பிடி எப்படி வேணும்?" என்று என்னைக் கேட்பான்.

"சூடா இருக்கணும். என்ஜின் புகையை அது வழியா விடு."

"வெண்ணெய் உருகுற சூடா, விரல் வேகுற சூடா?"

பெட்ரோல் மூடியைக் கையுறை கழற்றாமல் திருக வேண்டும். அது என் யோசனை. என்ஜினுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ரப்பர். அது அவனுடையது. பனியில் விழுந்தாலும் தெரிய, மஞ்சள் நிறம். ஒரு குளிர்காலமாவது மரம் வெட்டாதவனுக்கு எங்கள் ஆபீசில் நாற்காலி கிடையாது. கம்பெனியின் பெயர் குக்கேலி. தொத்திறைச்சித் துண்டுக்காக எங்கள் நெருப்பருகே வந்து உட்காரும் பறவையின் பெயர்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவானது, ரம்பம் இடக்கைக்காரனுக்கு என்பது.

நான் இடக்கைக்காரன். கடையில் கிடைக்கும் ரம்பங்களில் சங்கிலி ஓடும் பட்டை வலப்பக்கம் இருக்கும். கை மாற்றிப் பிடித்தால், ரம்பம் திமிறும்போது சங்கிலி முகத்துக்கு நேரே வரும். அதனால் வலக்கையாலேயே வெட்டிப் பழகினேன். அதிர்வில் அந்தக் கை செத்துக்கொண்டிருந்தது. குளிரில் விரல்கள் மெழுகுபோல வெளுத்துவிடும். விசையை அழுத்துகிறேனா இல்லையா என்றே தெரியாது. இன்னொரு குளிர்காலம் இப்படியே வெட்டினால் கரண்டிகூடப் பிடிக்க முடியாது என்றார் டாக்டர்.

ரைமோ பட்டையை இடப்பக்கம் வரைவான். "நொட்டாங்கைப் பயலே, உனக்காக உலகத்தையே திருப்பிப் போடுறேன் பாரு."

இரவுப் பனி அதை மூடிவிடும். மறுநாள் மறுபடியும் வரைவான். பக்கம் ஒருநாளும் மாறவில்லை.

"பேப்பர்ல போட்டு வைக்கலாமாடா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நமக்குள்ள எதுக்குடா பேப்பர்?"

பனி உருகியதும் அவன் மச்சானின் பட்டறைக்குப் போனான். "செஞ்சு கொண்டாரேன். அதுவரைக்கும் கையைப் பத்திரமா வச்சுக்க."

செப்டம்பரில் அறுவை ஆலையில் பலகை அடுக்கும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். ரம்பம் வரும் என்று வேண்டாமென்றேன்.

ரம்பம் மார்ச் மாதச் சந்தைக்கு வந்தது. மஞ்சள் நிறம், பக்கவாட்டில் பறவைப் படம். சுற்றி மரவெட்டிகள் நின்றிருந்தார்கள். ரைமோ கோட்டு போட்டிருந்தான். ஓட்டிக் காட்டிவிட்டு அப்போதுதான் அணைத்திருந்தான்.

"வாடா முதலாளி," என்று என்னிடம் நீட்டினான்.

மூடியைக் கையுறையோடு திருகினேன். திறந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தூக்கினேன். கைப்பிடியின் சூடு இடக்கைக்குத் தெரிந்தது. வலக்கைக்குத் தெரியவில்லை.

பட்டை வலப்பக்கம் இருந்தது.

"பக்கம் மாறியிருக்கு," என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "பணம் போட்டவங்க ஒத்துக்கலடா. ஊருக்கு எத்தனை நொட்டாங்கை இருக்கான், சொல்லு."

"எப்ப சொன்னாங்க?"

"ஜூன்ல."

"நான் ஆலை வேலையை வேண்டாம்னது செப்டம்பர்ல."

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னைக்கு நீ வந்திருக்க மாட்டே. இவனுங்க உன்னைக் கேட்டுத்தான் வாங்குவானுங்க. ஒண்ணு உனக்கு இனாம்டா. ஒரே ஒரு கட்டை அறுத்துக் காட்டு, போதும்."

கூட்டத்திலிருந்து பென்டி கேட்டான். எங்களோடு பல வருஷம் காட்டில் இருந்தவன். "டாவி, எப்படி இருக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரைமோவும் பார்த்தான். அதைவிட நல்ல ரம்பத்தை நான் கையில் பிடித்ததில்லை.

"நல்ல ரம்பம். வாங்கலாம்."

"நீ வாங்குவியா?"

"இது எனக்குச் செஞ்சதில்ல."

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். ரைமோவும் சேர்ந்து சிரித்தான். ரம்பத்தைப் பனியில் வைத்தேன்.

"கட்டையை நீயே அறு," என்றேன்.

அறுவை ஆலைப் பக்கம் நடந்தேன். அங்கே எப்போதோ வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம்.