டெபேயின் மழைக்கணக்கு

காலை எட்டரை ஆனதும், கையில் எந்த வேலை இருந்தாலும் அதை விட்டுவிட்டு எழுந்துபோய்ச் சன்னலை அடைப்பது மிருண்மயியின் வழக்கம். மகாபலேசுவர மலைமேல் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் பருவமழையைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். சரியாக அந்நேரத்தில் வெளியே மழைமானியின் மூடி திறக்கும் ஓசை அவளுக்குக் கேட்கும். அதுவோ இரண்டாண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது.

முன்பு நாள்தோறும் அதைத் திறந்து மழையை அளந்து எழுதியவர் தத்தோபா டெபே. ஆய்வின் முதலாண்டில் அவருடைய ஏட்டைத் தானியங்கிக் கருவியின் கணக்கோடு மிருண்மயி ஒப்பிட்டபோது, பெருமழை நாள்களெல்லாம் ஏட்டில் ஒருநாள் தள்ளியே இருந்தன. 'பார்க்காமல் எழுதுகிறார்' என்று கட்டுரையில் வெளியிட்டாள். அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மறுவருடம் அவர் இறந்துபோனார்.

ஒருநாள் காலை, பக்கத்து ஊரான பஞ்சகனியின் மழை ஏட்டைப் புரட்டியவள், "இங்கேயும் ஒருநாள் தள்ளித்தான் இருக்கு!" என்றாள்.

உடன் ஆய்வு செய்யும் சார்தூல் சிரித்தான். "ஊர் ஊரா சேர்ந்து பொய் எழுதுறாங்களா, பண்டிதரே? காலையில எட்டரைக்கு அளந்தா, நேத்து பெஞ்ச மழை இன்னைக்குத் தேதியிலதான விழும்? உங்க கருவிக்கு ராத்திரி பன்னெண்டுக்கே நாள் முடிஞ்சுடுது."

வெளியே மூடி திறக்கும் ஓசை கேட்டது. இம்முறை மிருண்மயி சன்னலை அடைக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு மூடுபனிக்குள் இறங்கினாள். பூட்டு துருவேறிப் பூட்டியபடியே இருந்தது. திறந்து, தேங்கிக் கிடந்த பழைய நீரைக் கொட்டினாள்.

பிற்பகலில் டெபேயின் மனைவி ஹிராபாயின் வாசலில் நனைந்தபடி நின்றாள்.

"நீதான் அந்தப் பொண்ணா? 'ஒருநாள்கூட அளக்காம எழுதலையே ஹிரா'ன்னு சாகுற வரைக்கும் அதே பேச்சுதான்."

"அவர் எழுதினதுதான் சரி, அம்மா. தப்பு என்னோடது. என் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறதா எழுதியிருக்கேன்." கடிதத்தை நீட்டினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீயே படி. ஆனா இங்க வேணாம். அவர் நின்ன இடத்துல, எல்லார் காதுலயும் விழுற மாதிரி படி."

மறுநாள் எட்டரை மணிக்கு, கொட்டும் மழையில், ஆய்வுக்கூடத்தார் அனைவர் முன்னிலையிலும் மிருண்மயி கடிதத்தைப் படித்தாள். பிறகு மழைமானியைத் திறந்து, மண்டியிட்டு, தேங்கிய நீரை அளவுக் குடுவையில் ஊற்றி ஊற்றி, கண்மட்டத்தில் பிடித்து, பத்துமுறை அளந்தாள். டெபேயின் ஏட்டில், அவருடைய கையெழுத்து நின்றுபோன வரிக்கு அடுத்த வரியில், அன்றைய தேதியிட்டு முந்தின நாள் மழையை எழுதினாள்.